"என்னண்ணே... இளைச்சுப் போயிட்டீங்க?" 45 வயதிலும் உடம்பை ஏற்றலாம், அதற்கு முன் ஒரு டெஸ்ட்!

திருச்சி:-

"என்னண்ணே... இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? சுகர் கிகர் இருக்கா?"

புத்தூர் நால்ரோடு டீக்கடையில் தொடங்கி காந்தி மார்க்கெட் வரைக்கும், 40 வயதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்டவர் டீயைக் குடித்துவிட்டு கிளம்பி விடுவார். கேட்கப்பட்டவருக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. மறுநாள் காலையில் கண்ணாடி முன்னாடி நின்று தோள்பட்டையைத் தடவிப் பார்ப்பார். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை தொளதொள என்று தொங்கும்.

அப்புறம் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். ஒருவர் பவுடர் டப்பா வாங்கச் சொல்வார். இன்னொருவர் லேகியம் சாப்பிடச் சொல்வார். மூன்றாவது ஆள் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஒரு ஊசி இருக்கு... பத்தே நாள்ல உடம்பு ஏறிடும்" என்பார்.

இதில் எதை நம்புவது? 40, 45, 50 வயதில் உடம்பில் சதை ஏறுமா? ஏறும். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டெஸ்ட், அப்புறம் சாப்பாடு, கூடவே பயிற்சி. இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், உடம்பும் போகும்.

காரணம் என்ன?

சின்ன வயதில் இருந்தே ஒல்லியாக இருப்பது வேறு. நன்றாக இருந்த உடம்பு திடீரென்று இறங்குவது வேறு.

டாக்டர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்களாக முயற்சி செய்யாமலேயே 6 மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள் எடை 5 சதவீதம் குறைந்தால் கண்டிப்பாக டெஸ்ட் எடுக்க வேண்டும். அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆகிவிட்டால் சும்மா இருக்கக் கூடாது.

காரணம் பல இருக்கலாம். முதல் சந்தேகம் சர்க்கரை. சுகர் அதிகமானால் சாப்பிட்ட சாப்பாடு சதையில் சேராமல் சிறுநீர் வழியாகப் போகும். பசி எடுக்கும், தாகம் எடுக்கும், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டி வரும். ஆனாலும் உடம்பு இறங்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது டி.பி. எனப்படும் காசநோய். 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியின்மை என்று இருந்தால் சளி பரிசோதனை அவசியம்.

இது தவிர தைராய்டு கோளாறு, வயிற்றுப்புண், குடிப்பழக்கம், மனக்கவலை, புற்றுநோய் என்று காரணங்கள் நீளும். கடைவாய்ப் பல் போனதால் சரியாக மென்று சாப்பிட முடியாமல் இளைத்தவர்களும் உண்டு.

இதை எல்லாம் கண்டுபிடிக்க பெரிய செலவு ஆகாது. புத்தூரிலேயே மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்கிற அதே ஜி.எச்.தான். காலையில் வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போய் "எடை குறையுது" என்று சொன்னாலே ரத்தம், சளி, எக்ஸ்ரே என்று தேவையானதை எழுதிக் கொடுப்பார்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று பார்த்தால், பிறகு பல மாத கூலி போய்விடும்.

எடை கூடினால் உயிர் தங்கும்

டி.பி. என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். மருந்து இலவசம். அதோடு சத்தான சாப்பாட்டுக்காக நிக்சய் போஷன் திட்டத்தில் மத்திய அரசு 2018-ல் இருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் இருந்து அது 1,000 ரூபாயாக உயர்ந்தது.

இந்த பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது. அங்கே டி.பி. நோயாளிகளுக்கு மாத்திரையோடு மாதாமாதம் அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு, உயிரிழக்கும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 2023-ல் இந்த முடிவு வெளியானது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் வெறும் 2 கிலோ. அந்த 2 கிலோவில் ஒரு உயிர் இருக்கிறது.

கை குச்சி... வயிறு தொந்தி

சரி, டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. நோய் எதுவும் இல்லை. அப்படியும் சதை குறைகிறது என்றால் அது வயதின் வேலை. 30 வயதுக்கு மேல் ஒவ்வொரு 10 ஆண்டிலும் உடம்பில் உள்ள தசை 3 முதல் 8 சதவீதம் வரை குறையும் என்கிறது மருத்துவ உலகம். சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னும் வேகமாக குறையும்.

தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். அதனால்தான் நம்ம ஆட்கள் பலருக்கு கை, கால் குச்சியாகவும், வயிறு மட்டும் தொந்தியாகவும் இருக்கிறது.

புனேயைச் சேர்ந்த சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் 2004-ல் ஒரு சுவாரஸ்யமான படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான். இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்!

ஆகவே நடுத்தர வயதில் தராசு முள் நகர்ந்தால் மட்டும் போதாது. பரோட்டாவும் பஜ்ஜியும் தின்றாலும் எடை ஏறும். ஆனால் அது வயிற்றில்தான் ஏறும். ஏற வேண்டியது தோளிலும் தொடையிலும்.

வீட்டிலேயே சோதனை

உங்கள் தசை எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

கை இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கையையும் மார்புக்கு குறுக்கே கட்டிக்கொண்டு 5 தடவை எழுந்து உட்காருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தொடையில் பலம் குறைகிறது என்று அர்த்தம். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு இது.

இன்னொன்று, தையல்காரர் டேப். கெண்டைக்காலில் சதை அதிகம் உள்ள இடத்தில் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் கவனம் தேவை.

40 வயதில் உலக ஆணழகன்

"இந்த வயசுக்கு மேல எங்கே சதை ஏறப் போகுது?" என்று சலித்துக்கொள்பவர்கள் மனோகர் ஆயிச் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1912-ல் அன்றைய வங்காளத்தில் பிறந்தவர். உயரம் வெறும் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்காரன் காலத்தில் விமானப்படையில் வேலை பார்த்தபோது அதிகாரியை அடித்து ஜெயிலுக்குப் போனார். கருவி எதுவும் இல்லாமல் ஜெயிலுக்குள்ளேயே மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். 1951-ல் லண்டன் போய் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் 2-வது இடம் பிடித்தார். விடவில்லை. அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி செய்து 1952-ல் தன் பிரிவில் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 40.

அவர் சாப்பிட்டது டப்பா பவுடர் இல்லை. சோறு, பருப்பு, மீன், பால், காய்கறி. 2016-ல் கொல்கத்தாவில் காலமானபோது அவருக்கு வயது 104.

அவர் பிறவி பயில்வான் என்று தள்ளி விடலாம். ஆனால் அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஆய்வை தள்ள முடியாது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன 10 பேரை காலால் எடை தூக்க வைத்தார்கள். 8 வாரம் முழுதாக முடித்த 9 பேருக்கு கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் அளவும் 9 சதவீதம் பெருத்தது. 90 வயது தாத்தா, பாட்டிக்கே ஏறும்போது 45-க்கு ஏறாதா?

"நாள் பூரா மூட்டைதானே தூக்குறேன்?"

நியாயமான கேள்வி. மூட்டை தூக்குபவர், சித்தாள், கொத்தனார், மீன் கூடை சுமப்பவர் எல்லோருமே கேட்பார்கள்.

தசை ஒரு விசித்திரமான ஆசாமி. பழகின பாரத்தைக் கண்டு அசையாது. 15 வருடமாக அதே மூட்டையை அதே தோளில் தூக்கினால், "இது நமக்குத் தெரிந்ததுதானே" என்று உடம்பு அப்படியே இருந்துவிடும். பாரம் கொஞ்சம் கொஞ்சமாக கூடினால்தான் தசையும் வளரும்.

அதோடு வேலையில் கரையும் சக்திக்கு ஈடாக சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து அடுப்பெரிக்கும். காலையில் டீயும் வடையும், மதியம் சோறும் ரசமும், ராத்திரி டாஸ்மாக் என்று ஓட்டினால் எவ்வளவு தூக்கினாலும் சதை நிற்காது. உடல் உழைப்பாளிகளுக்கு குறைவது பெரும்பாலும் உழைப்பு இல்லை, சாப்பாடும் ஓய்வும்தான்.

என்ன பயிற்சி?

வாரம் குறைந்தது 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஜிம்முக்கு பணம் கட்ட முடிந்தால் சரி. முடியாவிட்டால் வீடே போதும்.

* பஸ்கி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். பழகியதும் நாற்காலி இல்லாமல் செய்யலாம்.

* தண்டால்: முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு திண்ணையில், கடைசியாக தரையில்.

* இழுப்பு: 5 லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி, லேசாக குனிந்து, முழங்கையை பின்னால் மடக்கி இடுப்பு வரை இழுங்கள். முதுகுக்கும் கைக்கும் நல்லது.

* குதிகால் தூக்குதல்: படியின் ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். கெண்டைக்கால் தேறும்.

ஒவ்வொன்றும் 10 தடவை வீதம் 3 சுற்று. கடைசி 2 தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பாரத்தை கொஞ்சம் கூட்டுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. ஒருநாள் செய்தால் மறுநாள் அதே தசைக்கு ஓய்வு.

நெஞ்சுவலி, பி.பி., குடலிறக்கம், முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இளைத்தவனுக்கு எள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். அதனால் அதே அளவு கொள்ளை விட சக்தி மிக அதிகம். ஆனால் தசைக்குத் தேவையான புரதச்சத்து இரண்டிலுமே இருக்கிறது. அந்த வகையில் இளைத்தவனும் கொள்ளு ரசம் குடிக்கலாம்.

தினமும் வழக்கமாக சாப்பிடுவதற்கு மேல் சுமார் 500 கலோரி சேர்ந்தால் எடை மெதுவாக ஏறும். அதற்கு என்ன வேண்டும்? ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், 2 பூவன் பழம். அவ்வளவுதான். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிற ஊரில் வாழைப்பழத்துக்கு பஞ்சம் இல்லை. சுகர் உள்ளவர்கள் மட்டும் பழத்தை விட்டு சுண்டல் சேர்க்கலாம்.

அடுத்து புரதம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு தினம் 0.83 கிராம் தேவை. 55 கிலோ ஆளுக்கு சுமார் 46 கிராம். தசை ஏற்ற விரும்புபவர்கள் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், அதாவது 55 முதல் 65 கிராம் வரை சாப்பிட வேண்டும்.

சோற்றை மட்டும் நம்பினால் இது கிடைக்காது. 100 கிராம் சோற்றில் இரண்டரை கிராம் அளவுதான் புரதம். மற்றவை எவ்வளவு தரும் என்று பாருங்கள்:-

ஒரு முட்டை 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். ஒரு கிண்ணம் சுண்டல் 8 கிராம். ஒரு டம்ளர் பால் 6 கிராம். 30 கிராம் பருப்பு போட்ட குழம்பு 6 முதல் 7 கிராம். 25 கிராம் மீல் மேக்கர் 13 கிராம். 100 கிராம் மீன் சுமார் 20 கிராம்.

மீன் என்றால் வஞ்சிரம்தான் வாங்க வேண்டும் என்பது இல்லை. மலிவாக கிடைக்கும் மத்தியிலும் அதே அளவு புரதம் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு பருப்பு, பொட்டுக்கடலை, தயிர், மீல் மேக்கர் போதும்.

எல்லாவற்றையும் ராத்திரி ஒரே வேளையில் அடைக்காமல், 3 வேளையும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பவுடரா? ஊசியா?

பவுடர் விஷம் இல்லை. பெரும்பாலும் பால் திரியும்போது பிரியும் தண்ணீரில் இருந்து எடுக்கும் புரதம்தான் அது. ஆனால் விலைக்கு ஏற்ற பலன் உண்டா?

2018-ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வில், உலகம் முழுவதும் எடைப்பயிற்சி செய்த 1,863 பேரை வைத்து நடந்த 49 ஆய்வுகளை சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களை விட சராசரியாக 300 கிராம்தான் அதிகம் ஏறியது. அதாவது உடம்பை ஏற்றுவதில் பெரும்பங்கு பயிற்சிக்கும் அன்றாட சாப்பாட்டுக்கும்தான். சதையை ஏற்றுவதற்காக புரத பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'உடம்பு ஏறும் மாத்திரை' என்று பெயர், சீட்டு இல்லாமல் கொடுப்பதில் சில சமயம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டே வாரத்தில் கன்னம் உப்பும், பசி எடுக்கும், பார்ப்பவர்கள் "ஆள் தேறிட்டாரே" என்பார்கள். ஆனால் ஏறுவது நீரும் கொழுப்பும்தான். நாள் ஆக ஆக இந்த மாத்திரை கை, கால் தசையைக் கரைக்கும். சுகரை ஏற்றும். எலும்பை அரிக்கும். பல நாள் சாப்பிட்டு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கனவே சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், மாத்திரையோடு டாக்டரிடம் போக வேண்டும்.

ஜிம் வட்டாரத்தில் புழங்கும் ஆண் ஹார்மோன் ஊசி தசையை ஏற்றும் என்பது நிஜம். கூடவே விந்தணு குறையும், விரை சுருங்கும், இதயம் பாதிக்கும். 45 வயதில், குடும்பத்தை வைத்துக்கொண்டு விளையாடுகிற விளையாட்டு இல்லை அது.

கடைசியாக சாப்பிடுபவர்

இது ஆம்பளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு தசையும் எலும்பும் வேகமாக குறையும். அந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

ஆனால் நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரருக்கு ஒரு முட்டை, பிள்ளைக்கு ஒரு முட்டை. அம்மாவுக்கு அடிச்சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதியை சாப்பிடும் பெண்ணுக்குத்தான் முதல் முட்டை வைக்க வேண்டும். பஸ்கியும் தண்டாலும் அவர்களுக்கும் உண்டு. "ஆம்பளை மாதிரி உடம்பு ஆயிடும்" என்ற பயம் தேவை இல்லை. ஆகாது.

சரக்கும் தூக்கமும்

உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2014-ல் நடந்த சிறிய ஆய்வில், பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு நிறைய மது கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல புரதம் சாப்பிட்டிருந்தும் தசை உருவாகும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. பகலில் உழைத்ததை ராத்திரி கரைத்த கதைதான்.

பீடி, சிகரெட் பசியைக் கொல்லும். தூக்கம் குறைந்தால் தசை வளராது. நைட் டூட்டி பார்ப்பவர்கள் பகலிலாவது 7 மணி நேரம் தூங்க வழி பார்க்க வேண்டும்.

எத்தனை நாளில் தெரியும்?

பத்து நாளில் யாருக்கும் தெரியாது. அப்படி தெரிந்தால் அது மாத்திரை வேலை. முதல் மாதம் பலம் மட்டும் கூடும். 2, 3 மாதத்தில் தோளும் தொடையும் டேப்பில் தெரியும். மாதம் ஒரு கிலோ ஏறினாலே நல்ல வேகம்தான். மாதம் ஒரு தடவை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் நின்று பாருங்கள். நன்றாக சாப்பிட்டும் எடை இறங்கினால் மறுபடி ஜி.எச். போங்கள். 104 என்ற எண்ணுக்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக்குப் போங்கள். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க 400-க்கு மேல் படி. இப்போது எத்தனை இடத்தில் உட்காருகிறீர்கள், அப்போது எத்தனை இடத்தில் உட்காருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உண்மையான தராசு.

அதற்குப் பிறகு டீக்கடையில் யாராவது "என்னண்ணே இளைச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். டெஸ்ட் எடுத்த சீட்டு பையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வடைக்குப் பதில் ஒரு அவித்த முட்டை கேளுங்கள்.